சுருக்கிச் சொன்னவன்

1

ஜெர்மனிக்கு வந்து ஆறு வருஷம் முடிந்த அதே வாரத்தில், என் இடது காது பாதிக்கு மேல் போய்விட்டது என்று கம்பெனி டாக்டர் சொன்னார். வலது காதும் சொல்லிக்கொள்ளும்படி இல்லையாம். இதற்கு முன் எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். மதுரையில், இதே கம்பெனியின் ஆலையில், ரப்பர் பிசையும் மிஷினுக்குப் பக்கத்தில் ஒன்பது வருஷம் என்றேன். காதுமூடி கொடுத்தார்களா என்றார். கொடுத்தார்கள், ஆனால் வியர்வையில் வழுக்கிக்கொண்டே இருக்கும், நாங்கள் யாரும் போட்டுக்கொள்ளவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். அந்த உண்மையைச் சொல்வதில் எனக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை.

இந்த ஊரில் எதுவும் கடிதமாக வந்தால்தான் நடந்ததாகக் கணக்கு. டாக்டர் சொன்னது போதாது என்று அரசாங்க அலுவலகத்துக்கு ஒரு படிவம், அங்கிருந்து எனக்கு ஒரு படிவம், அதில் ஒரு பெட்டியில் கையெழுத்து விட்டுப்போனதால் திரும்ப ஒரு படிவம். கடைசியில் 'முப்பது' என்று ஓர் எண்ணைப் போட்டு ஒரு கடிதம் வந்தது. நூறு வரை போகும் கணக்கில் என் குறைபாட்டின் அளவு அது. கடிதத்தில் அதற்கு இருந்த நீளமான ஜெர்மன் சொல்லை நான் எழுத்துக் கூட்டிப் படித்ததைக் கேட்டு என் மகள் நிலா விழுந்து விழுந்து சிரித்தாள். பதினொரு வயது. அவளுக்கு இந்த மொழியில்தான் கனவே வருகிறது.

கடிதம் வந்த மறுநாள், என் மேஜைக்குக் கெல்லர் அம்மா வந்தார். எங்கள் ஆலையில் உடல் குறைபாடு உள்ள தொழிலாளர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த பிரதிநிதி அவர். நிர்வாகம் நினைத்தாலும் அவரை அசைக்க முடியாது. ஒரு தாளை என் முன்னால் வைத்து, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்றார்.

ஒன்றும் வேண்டாம், சமாளித்துக்கொள்வேன் என்றேன். நம் ஊர்ப் பழக்கம், கேட்டதும் முதலில் வேண்டாம் என்றுதானே வரும். அந்த அம்மா விடவில்லை.

"அப்படிச் சொல்லாதீர்கள். யோசித்து, எல்லாவற்றையும் எழுதுங்கள். நீங்கள் எழுதுவதில் ஒரு சொல்லைக்கூடக் குறைக்காமல் நான் மேலே கொடுப்பேன். அதுதான் என் வேலை."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குக் கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. காரணம் என் சட்டைப்பையில் இருந்தது. என் அக்கா ராஜாத்தி அனுப்பிய வீடியோ ஒன்று, பதினொரு நாட்களாகப் பதில் சொல்லப்படாமல், போனில் கிடந்தது.

2

ராஜாத்தி எனக்கு மூன்று வயது மூத்தவள். பிறவியிலேயே காது கேட்காது. கைகளால்தான் பேசுவாள். இந்தக் குறிப்பில் அவள் பேசுவதாக வருவதெல்லாம் அவள் கைப்பேச்சை நான் தமிழில் எழுதியது. அதை ஏன் நம்ப வேண்டும் என்று கடைசிவரை படித்துவிட்டு நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

நாகமலை புதுக்கோட்டைக்கு அந்தப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர் எங்கள் அய்யா. அக்காவை மதுரையில் காது கேளாதோர் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பதற்காகவே விளாங்குடிக்கு வந்து வாடகைக்கு இருந்தோம். பள்ளியில் அவள் கற்றுக்கொண்டு வந்த சைகையை வீட்டில் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். அய்யாவும் அம்மாவும் நாலைந்து சைகையோடு நின்றுவிட்டார்கள். சாப்பிடு, தூங்கு, கடைக்குப் போ, அவ்வளவுதான். ஆகவே எங்கள் வீட்டில் அக்காவுக்கும் உலகத்துக்கும் நடுவில் நின்றவன் நான்தான்.

அங்கே எப்படி நின்றேன் என்பதைச் சொல்ல வேண்டும். மாமா வருவார். கல்யாணப் பேச்சு, சண்டை, யாரோ ஓடிப்போன கதை என்று ஒரு மணி நேரம் வீடே அல்லோலகல்லோலப்படும். அக்கா என் முழங்கையைத் தொட்டு, "என்ன சொல்கிறார்கள்?" என்பாள். நான் வாய் பிளந்து கதை கேட்டுக்கொண்டிருப்பேன். திரும்பாமலேயே, "ஒன்றுமில்லை, அப்புறம் சொல்கிறேன்" என்று கையை ஆட்டுவேன். அந்த அப்புறம் வரும்போது ஒரு மணி நேரப் பேச்சு, "மாமாவுக்குக் கோபம்" என்று இரண்டு சைகையாகச் சுருங்கியிருக்கும். அவளும் அதை வாங்கிக்கொண்டு போய்விடுவாள். காது கேட்காதவர்கள் இருக்கிற எந்த வீட்டிலும் இது நடக்கும். யாரும் இதைத் தப்பு என்று நினைப்பதில்லை. நானும் நினைக்கவில்லை.

3

திருமங்கலம் பக்கம் இந்தக் கம்பெனி ஆலை வைத்தபோது, டிப்ளமோ முடித்துவிட்டு நான் உள்ளே போனேன். கார் கதவுகளைச் சுற்றி ஒட்டியிருக்குமே கறுப்பு ரப்பர் பட்டை, அதைச் செய்கிற ஆலை. விளாங்குடி ஸ்டாப்பில் கம்பெனி பஸ் நின்று என்னை ஏற்றிக்கொண்டு போனதை அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் என்ற ஒன்றை முதலில் பார்த்தவன் நான்.

சில வருஷங்கள் கழித்துத் தலைமையிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. எல்லாரையும் உள்ளடக்கிய ஆலை என்று பெயர் வாங்க வேண்டும், மாற்றுத் திறனாளிகளைச் சேருங்கள் என்று. நான்தான் ஓடிப்போய் அக்காவைப் பற்றிச் சொன்னேன். அவள் மூலமாக அவள் பள்ளித் தோழிகள் ஏழு பேர். எட்டுப் பெண்களும் கடைசிச் சோதனைப் பிரிவில் உட்கார்ந்தார்கள். பட்டையை விளக்கு முன்னால் பிடித்து, விரலால் தடவி, வெட்டு, குமிழி, சொரசொரப்பு எது இருந்தாலும் ஒதுக்க வேண்டும். அவர்கள் கையில் ஒரு பிசிறு தப்பாது. சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண் ஜோதி என்று ஒருத்தி, அவளுக்கு வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, இரண்டும் காதில் விழாது. "இங்கே வந்துதான் நாள் முழுக்கப் பேசுகிறேன்" என்பாள். அந்தப் பிரிவில் மிஷின் இல்லை என்றாலும் எட்டுப் பேரின் கைகளும் சும்மா இருக்காது.

ஆனால் அவர்களைச் சேர்த்தது பயிற்சியாளர்களாக. வருஷக் கடைசியில் பழைய அட்டையை வாங்கிக்கொண்டு புது அட்டை கொடுப்பார்கள். புது எண், புதுப் பயிற்சி. அவர்களோடு சேர்ந்த மற்றப் பயிற்சியாளர்கள் ஒவ்வொருவராக நிரந்தரம் ஆனார்கள். இவர்கள் நாலு வருஷமாகக் கற்றுக்கொண்டே இருந்தார்கள். எதை? இவர்களிடம்தான் புதிதாக வந்தவர்கள் வேலை கற்றார்கள்!

நாலாவது வருஷம் சம்பள ஒப்பந்தப் பேச்சுவார்த்தை வந்தது. எட்டுப் பேரும் கூடி ராஜாத்தியைத் தங்கள் பிரதிநிதியாக நிறுத்தினார்கள். மொழிபெயர்க்க நான். சங்கச் செயலாளர் அழகர்சாமி அண்ணன்கூட, "வேற ஆளு எதுக்கு, நம்ம தம்பி இருக்கான்ல" என்று சொல்லிவிட்டார்.

பேச்சுவார்த்தை கேன்டீனுக்கு மேலே இருந்த அறையில். படியேறிக்கொண்டிருந்தபோது பர்சனல் மேனேஜர் என் தோளில் கை போட்டார். அதற்கு முன் அவர் என்னைத் தொட்டதே இல்லை.

"தம்பி, ஜெர்மனிக்கு அனுப்புற லிஸ்ட்ல ஒன் பேரு இருக்கு, தெரியும்ல? இன்னிக்கு மீட்டிங் சிக்கலில்லாம முடியணும். ஒங்கக்காவ நீதான் பாத்துக்கணும்."

அவ்வளவுதான் சொன்னார். மிரட்டவில்லை, பேரம் பேசவில்லை. எனக்கு அவ்வளவே போதுமானதாக இருந்தது.

4

அக்கா அன்றைக்கு எழுந்து நின்று பேசினாள். அதை இன்றைக்கும் என்னால் அப்படியே சொல்ல முடியும்.

"எங்களோடு சேர்ந்த காது கேட்பவர்கள் எல்லாரும் நிரந்தரம் ஆகிவிட்டார்கள். நாங்கள் நாலு வருஷமாகப் பயிற்சியில் இருக்கிறோம். எங்களுக்குக் காதுதான் கேட்காது, கணக்குத் தெரியும். எட்டுப் பேரையும் இந்த ஒப்பந்தத்திலேயே நிரந்தரம் செய்யுங்கள். இல்லையென்றால் திங்கட்கிழமை முதல் வேலைக்கு வர மாட்டோம். கேட்டில் உட்காருவோம். மாற்றுத் திறனாளிகள் தினம் வந்தால் எங்களை வைத்துக் கேக் வெட்டிப் போட்டோ எடுப்பதையும் நிறுத்துங்கள்."

பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். சுவர் ஓரமாக நின்றிருந்த ஏழு பேரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் மேனேஜரிடம் திரும்பினேன்.

"சார், அவங்களும் பெர்மனென்ட் ஆகணும்னு ஆசைப்படுறாங்க. பாத்து செய்யுங்கன்னு கேட்டுக்கிறாங்க."

அழகர்சாமி அண்ணன் சிரித்தார். "என்ன மாப்ள, அந்தப் புள்ள இம்புட்டு நேரம் கைய ஆட்டுச்சு. நீ ரெண்டே வரியில முடிச்சிட்ட?"

"அதாண்ணே விஷயம்."

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு தன் பட்டியலில் பக்கத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கும் அன்றைக்குச் சீக்கிரம் முடிய வேண்டியிருந்தது.

மேனேஜர், "கண்டிப்பா, அடுத்த செட்டில்மென்ட்ல கன்சிடர் பண்றோம்" என்றார். நான் அக்காவிடம் திரும்பி, "சரி என்று சொல்லிவிட்டார். அடுத்த ஒப்பந்தத்தில் நிச்சயம் செய்கிறாராம்" என்றேன். அவள் உடனே கேட்டாள்.

"கேட்டில் உட்காருவோம் என்றேனே, அதற்கு என்ன சொன்னார்?"

இந்த இடத்தில் நான் மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். என் முகம் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். ஆனால் இருபது வருஷப் பழக்கம், கை கூசவே இல்லை.

"பயந்துவிட்டார். அதனால்தான் சரி என்கிறார்."

அவள் சிரித்தாள். திரும்பி ஏழு பேருக்கும் அதைச் சொன்னாள். எட்டுப் பேரும் கைகளைத் தலைக்கு மேலே தூக்கி விரல்களைப் படபடவென்று ஆட்டினார்கள். அது அவர்களுடைய கைதட்டல். என்னை நடுவில் நிறுத்தித் தோளைத் தட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். வெட்கங்கெட்டவன், வேறு என்ன சொல்ல.

கூட்டக் குறிப்பில் 'காது கேளாத பயிற்சியாளர்கள் தங்களைப் பரிவுடன் கவனிக்குமாறு கேட்டுக்கொண்டனர்' என்று எழுதினார்கள். அதன் கீழே, மொழிபெயர்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஐந்து மாதத்தில் மனைவி மலரையும் நிலாவையும் கூட்டிக்கொண்டு விமானம் ஏறினேன். வழியனுப்ப அக்கா விமான நிலையம் வரைக்கும் வந்தாள். எனக்குப் பிடிக்கும் என்று திருப்பரங்குன்றத்தில் வாங்கின சீரணி மிட்டாயை ஒரு டப்பாவில் அடைத்துக் கொடுத்தாள்.

அடுத்த ஒப்பந்தம் வந்தது. அதில் அவர்கள் பெயர் இல்லை. பரிவுடன் கவனிக்கச் சொன்னவர்களைப் பரிவுடன் மறந்துவிட்டார்கள். அதற்கு அடுத்த வருஷம் சோதனைப் பிரிவுக்குக் கேமரா வைத்த மிஷின் வந்தது. நிரந்தரமானவர்களை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். எட்டுப் பேருக்கும் பயிற்சி முடிந்தது என்று சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ராஜாத்தி இப்போது ஒரு ஜவுளிக்கடையில் பை கட்டிக் கொடுக்கிறாள், நாள் முழுக்க நின்றுகொண்டு. ஜோதிக்கு வேலை இல்லை. பேசுவதற்கு ஆளும் இல்லை.

இங்கே தலைமை அலுவலக வராந்தாவில் ஒரு பெரிய போட்டோ மாட்டியிருக்கிறது. விளக்கு வெளிச்சத்தில் ரப்பர் பட்டையைத் தூக்கிப் பிடித்திருக்கிற ராஜாத்தி. எங்கள் மதுரைக் குடும்பம் என்று கீழே எழுதியிருக்கிறார்கள். கூட்டத்துக்குப் போகும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் போனைப் பார்த்துக்கொண்டே நடப்பேன்.

5

பதினொரு நாள் பதில் சொல்லாமல் வைத்திருந்த வீடியோவுக்கு வருகிறேன். எட்டுப் பேரும் வேலை கேட்டுத் தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்திருந்தார்கள். இவர்கள் நிரந்தரம் வேண்டும் என்று எந்தக் காலத்திலும் கேட்டதே இல்லை என்று கம்பெனித் தரப்பு அந்தப் பழைய கூட்டக் குறிப்பை எடுத்துக் கொடுத்துவிட்டது. அதன் நகலை அக்கா கேமரா முன்னால் பிடித்துக் காட்டினாள். பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"கம்பெனிக்காரன் பொய்யாக எழுதிவிட்டான். நான் சொன்னதை நீதான் அவர்களிடம் சொன்னாய். நீ வந்து அதிகாரியிடம் சொல். நீ சொன்னால் முடிந்தது. எப்போது வருகிறாய்?"

கம்பெனிக்காரன் பொய்யாக எழுதிவிட்டான்! அவள் மனசில் நான் வரவே இல்லை. சந்தேகப்பட்டிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

லீவு கிடைக்கவில்லை, விசாவில் ஏதோ சிக்கல், நிலாவுக்குப் பரீட்சை என்று மூன்று பதில் தயாரித்தேன். மூன்றையும் அனுப்பவில்லை. இதில் என்னை நல்லவன் என்று நினைத்துவிடாதீர்கள். எதை அனுப்பினால் நம்புவாள் என்று முடிவு செய்ய முடியவில்லை, அவ்வளவுதான்.

அந்த வார சனிக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மலரும் நிலாவும் பள்ளியில் நடந்த எதையோ பேசிச் சிரித்தார்கள். பாதி ஜெர்மன், பாதி தமிழ், அதுவும் வேகமாக. எனக்கு நிலாவின் குரல் உயரும்போது தேய்ந்துபோகிறது. சிரிப்பு மட்டும் தெரிகிறது. என்னவாம் என்று கேட்டேன். நிலா என் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்.

"ஒண்ணுமில்லப்பா. அப்புறம் சொல்றேன்."

அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. குழந்தை, கதையின் சுவாரசியத்தில் இருந்தாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.  எழுந்து கை கழுவிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு அக்காவை வீடியோவில் கூப்பிட்டேன்.

அவள் முகம் மலர்ந்து திரையில் வந்தாள். "டிக்கெட் போட்டுவிட்டாயா?" என்றாள்.

"அன்றைக்கு நீ சொன்னதை நான் சொல்லவில்லை" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. திரும்பச் சொல் என்றாள். மேனேஜரிடம் நான் சொன்ன இரண்டு வரியை அப்படியே கையில் சொன்னேன். கேட்டில் உட்காருவதைச் சொல்லவே இல்லை என்றேன். அவர் பயப்படவில்லை, அது நான் இட்டுக்கட்டியது என்றேன். தப்பு செய்துவிட்டேன் அக்கா, மன்னித்துவிடு என்றேன். அவள் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனை மல்லாக்க வைத்துவிட்டாள். விளாங்குடி வீட்டுக் காற்றாடி சுற்றுவது மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது.

நாலு நாள் கழித்து ஒரு தேதி வந்தது, விசாரணைத் தேதி. கூடவே ஒரு வரி. "நடந்ததை எழுதிக்கொண்டு வா."

6

மலருக்குச் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டாள். "அவுங்களுக்கு எதிரா அங்க எழுதிக் குடுத்துட்டு, இங்க வந்து அவுங்க கேட்டுலயே கார்டு தேய்க்கப் போறீங்களா? புத்தி இருக்கா ஒங்களுக்கு?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணி ஒங்களுக்கு எம்புட்டு செஞ்சிருக்காங்க. இத ஆறு வருஷமா என்கிட்டகூட சொல்லல நீங்க" என்றாள். முதலில் சொன்னதைவிட அதுதான் உறைத்தது.

வழக்கு முடிந்துவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. மூன்று வாய்தா போயிருக்கிறது. இங்கே விளக்கம் கேட்டு, ஒரு கூட்டத்துக்கு வரச் சொல்லிக் கம்பெனியிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. அந்தக் கூட்டத்துக்குக் கெல்லர் அம்மா என் பக்கத்தில் வந்து உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார். வேலை நிற்குமா போகுமா என்று எனக்குத் தெரியாது. இதையெல்லாம் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. முதல் விசாரணையன்று காலையில் மதுரைத் தொழிலாளர் அலுவலக வராந்தாவில் நடந்ததைச் சொல்லத்தான்.

லீவு போட்டு மதுரைக்கு வந்து, வக்கீல் ஒருவரைப் பிடித்து வாக்குமூலம் தயாரித்துக்கொண்டு போனேன். நல்ல மனிதர். நடந்ததைக் கேட்டுவிட்டு, "அண்ணே, நீங்க இன்னும் அதே கம்பெனியில இருக்கீங்க. நாளப்பின்ன ஒங்களுக்கே வம்பாயிரக் கூடாது. நான் பக்குவமா எழுதித் தாரேன்" என்றார். 'மொழிபெயர்ப்பின்போது ஏற்பட்ட கவனக்குறைவால், பிரதிநிதி கூறிய கோரிக்கையின் சில பகுதிகள் விடுபட்டுவிட்டன' என்று தட்டச்சு செய்து கொடுத்தார். படித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. அவர்கள் வழக்குக்கு உதவும், எனக்கும் அடி படாது. நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டேன்.

வராந்தாவில் எட்டுப் பேரும் வந்திருந்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. ஜோதி மட்டும் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கூட ரீட்டா டீச்சர் என்று ஒரு அம்மா. அவர்கள் படித்த பள்ளியிலிருந்து மொழிபெயர்க்க வந்தவர். ஐம்பது வயது இருக்கும், மூக்கு நுனியில் கண்ணாடி. நான் வாக்குமூலத்தை எடுத்து அக்காவுக்குச் சைகையில் சொல்ல ஆரம்பித்தேன். அவள் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, தாளை வாங்கி டீச்சரிடம் கொடுத்தாள்.

டீச்சர் வரி வரியாகச் சொன்னார். ஒரு வார்த்தைகூடத் தாண்டவில்லை. தேதி, ஆலையின் பெயர், அப்பா பெயர், எல்லாம். எட்டுப் பேரும் அசையாமல் பார்த்தார்கள். ஓர் இடத்தில் அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். தாளில் அந்த வார்த்தை மேல் விரலை வைத்தாள்.

"கவனக்குறைவு என்றால் என்ன?"

டீச்சர் விளக்கினார். மனசு வேறெங்கோ இருந்து, தெரியாமல் விட்டுப்போவது.

அக்கா அந்த வார்த்தையிலிருந்து விரலை எடுத்தாள். பிறகு சொன்னாள்.

"இவன் கவனமாகத்தான் இருந்தான்."

டீச்சர் அதை என்னிடம் வாய்விட்டுச் சொன்னார். எனக்கே புரிந்திருந்தும் சொன்னார். அக்கா தொடர்ந்தாள்.

"ஏன் செய்தான் என்று இதில் இல்லை. போனிலும் சொல்லவில்லை. ஏன் என்று கேளுங்கள்."

 போனில் மன்னிப்புக் கேட்டபோதுகூட ஜெர்மனிப் பட்டியலை விட்டுவிட்டேன் என்பது அந்த நிமிஷம்தான் எனக்கே உறைத்தது. தப்பு செய்தேன் என்று சொன்னவன், அதற்குக் கிடைத்ததைச் சொல்லவில்லை. என் குற்றத்தைக்கூட நான் அவளுக்குச் சுருக்கித்தான் கொடுத்திருக்கிறேன். பழக்கம் என்று அதையும் நான் பூசி மெழுகிவிடலாம். ஆனால் பழக்கம் விமான டிக்கெட் வாங்கிக் கொடுப்பதில்லை.

எட்டுப் பேருக்கும் நடுவில் நின்று கைகளைத் தூக்கினேன். படிக்கட்டில் மேனேஜர் தோளில் கை போட்டது, பட்டியல், அவர் சொன்ன வார்த்தைகள், நான் அக்காவைப் பார்க்காமல் மேனேஜரைப் பார்த்தது, ஐந்து மாதத்தில் விமானம் ஏறியது, எல்லாம் சொன்னேன். இரண்டு இடத்தில் புரியவில்லை என்றார்கள். திரும்பச் சொன்னேன். வழியனுப்ப அவள் விமான நிலையத்துக்கு வந்ததைச் சொன்னபோது அக்கா ஒரே ஒரு முறை கண்களை மூடித் திறந்தாள்.

"இதை எழுது" என்றாள்.

டீச்சர் பேனா கொடுத்தார். 'கவனக்குறைவால்' என்பதை அடித்துவிட்டு, மேலே 'தெரிந்தே' என்று எழுதினேன். ஓரத்தில் இருந்த இடத்தில், வெளிநாட்டுப் பணிக்கான பட்டியலில் என் பெயர் இருந்ததால் அப்படிச் செய்தேன் என்று எழுதினேன். அடித்த இடத்திலும் எழுதிய இடத்திலும் கையெழுத்துப் போட்டேன். எதிரே பெஞ்சில் இருந்த கம்பெனி ஆள் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். டீச்சர் திருத்தியதை மறுபடியும் முதலிலிருந்து அவர்களுக்குச் சொன்னார்.

உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி இளம் வயதுக்காரர். வாக்குமூலத்தை வாங்கிப் பார்த்தார். அடித்துத் திருத்தியதைக் கண்டு புருவத்தைத் தூக்கினார். இரண்டு முறை படித்தார். பிறகு என்னையும் ராஜாத்தியையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே மூக்கு, ஒரே நெற்றி, யாருக்கும் தெரியும்.

"இவருக்கும் ஒங்களுக்கும் என்ன உறவு?" என்று அவளிடம் கேட்டார்.

டீச்சர் அதைச் சைகையில் சொன்னார். நான் வாயைத் திறந்தேன், அக்கா என்று சொல்வதற்கு. அதற்குள் அவள் கை எழுந்துவிட்டது. அவள் என் பக்கம் பார்க்கவில்லை. டீச்சர் அவள் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அதிகாரிக்குச் சொன்னார்.

"இவரு எங்க சாட்சி சார். வேற ஒண்ணுமில்ல."

அதிகாரி அதையே எழுதிக்கொண்டார்.